'சாம்பார்லதான் பருப்பு இருக்கே!' - சோழவரத்தில் ஒரு வீட்டின் புரதக் கணக்கு

சிறுவாபுரி முருகன் கோயில். செவ்வாய்க்கிழமை என்பதால் நிற்க இடமில்லாத கூட்டம். சாமி கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்த ஆயா, பத்து நிமிடம் கழித்து எழப் பார்த்தார். முடியவில்லை. இடது கையை ஊன்றிப் பார்த்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இடுப்பு மேலே வரவே இல்லை. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

"வயசாயிடுச்சில்ல..." என்று சிரித்தபடியே சேலையைச் சரிசெய்துகொண்டார் ஆயா. ஆனால், சோழவரம் திரும்பும் வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட வந்த மருமகளுக்கு அது உறுத்தியது. ஆயாவுக்கு வயது 66. நான்கு வருடத்துக்கு முன்புவரை ஏரிக்கரைப் பக்கம் போய்ப் புல் அறுத்துக் கட்டித் தலையில் சுமந்து வந்தவர். இரண்டு பேர் தூக்கிவிட வேண்டிய வயதா இது?

பேரப்பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே அவர் ஆயாதான். மகன் லாரி ஷெட்டில் மெக்கானிக். மருமகளுக்குக் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பேரன் கல்லூரி மாணவன், மாலையில் ஜி.என்.டி. சாலையோரக் குடோன் ஒன்றில் பகுதி நேர வேலை. பேத்தி அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. ஐந்து பேர், ஒரு சமையலறை.

முருகனுக்குக் கொடுத்த வாக்கு

இந்த வீட்டில் அசைவம் உண்டு. ஆனால், எப்போது என்று கேட்டால்தான் விஷயம் இருக்கிறது. செவ்வாய் கிடையாது, வெள்ளி கிடையாது, சனி கிடையாது. அமாவாசை, கிருத்திகை கிடையாது. புரட்டாசி முழுக்கக் கிடையாது. கார்த்திகையில் மகன் மாலை போட்டால் அந்த நாற்பத்து எட்டு நாளும் கிடையாது. மிச்சமிருக்கும் நாள்களில் வேலை நாளில் மீன் கழுவ யாருக்கும் நேரமில்லை. ஆக, ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கோழி, ஐந்து பேருக்கு. அவ்வளவுதான். "நாங்க நான்வெஜ்" என்று சொல்லிக்கொள்ளும் பல தமிழ்க் குடும்பங்களின் உண்மையான வாரம் இதுதான். ஆறு நாள் சைவம், ஒரு நாள் குழம்பில் இரண்டு துண்டு.

ஆயாவுக்கு அந்த இரண்டு துண்டும் இல்லை. வாடகை வீட்டில் இருபது வருடம் அல்லாடியபோது, ஆறு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி போனால் சொந்த வீடு அமையும் என்று யாரோ சொன்னார்கள். ஆயா போனார். கூடவே, "வீடு அமைஞ்சிட்டா கவுச்சியையே விட்டுடறேன் முருகா" என்று வாக்கும் கொடுத்தார். நான்கு வருடத்துக்கு முன் இரண்டு அறையும் ஒரு திண்ணையுமாக வீடு எழும்பியது. புதுமனை புகுந்த அன்றோடு மீன், கறி, முட்டை எல்லாவற்றையும் விட்டார்.

விட்டதில் எந்தத் தப்பும் இல்லை. விட்ட இடத்தில் எதை வைத்தார் என்பதுதான் கேள்வி. அவர் வைத்தது டீயும் ரஸ்க்கும்.

பேரன் வாங்கி வந்த டப்பா

கோயிலில் நடந்ததைக் கேட்ட பேரன், தன் குடோன் சம்பளத்தில் ஒரு கிலோ புரோட்டீன் பவுடர் டப்பாவை ஆன்லைனில் வரவழைத்தான். மூவாயிரத்தைத் தாண்டிய விலை. ஜிம்முக்குப் போகும் அவன் நண்பர்கள் குடிப்பது. "ஒரு ஸ்கூப்ல 24 கிராம் புரோட்டீன் ஆயா. ஒரே மாசத்துல நீ ஓடுவ பாரு!"

ஆயா இரண்டு நாள் குடித்தார். சாக்லேட் வாசம் குமட்டியது. மூன்றாம் நாள் வயிறு உப்பிசம். நான்காம் நாள், "நீயே குடிச்சிக்கோ ராசா" என்று டப்பாவை அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

பவுடர் விஷமல்ல. பெரும்பாலும் அது பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம்தான். ஆனால், தசை வளர்ப்பதற்காக இத்தகைய பவுடர்களைத் தேட வேண்டாம் என்றுதான் ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி அறிவுறுத்துகிறது. சாதாரண உணவிலேயே தேவையானதைப் பெற முடியும் என்பது அதன் நிலை.

'முடியும்' என்பது சரி. இந்த வீட்டுச் சமையலறையில் அது கிடைத்துக்கொண்டிருந்ததா?

"நேத்து என்ன சாப்ட்டீங்க ஆயா?"

ஆயாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மாத்திரை கொடுக்க வீட்டுக்கே ஒரு பெண் பணியாளர் வருவார். அந்த மாதம் வந்தவரிடம் மருமகள் கோயில் சம்பவத்தைச் சொன்னார். அவர் முதலில் கேட்டது மூட்டு வலியைப் பற்றியல்ல. ஆயாவின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி 56 கிலோ. இப்போ 50. டயட் எதுனா இருந்தீங்களா?" என்றார்.

"இல்லம்மா. உடம்பு இளைச்சா நல்லதுதானே?"

"நேத்து காலையில இருந்து என்ன சாப்ட்டீங்க, அதைச் சொல்லுங்க ஆயா."

ஆயா விரல் மடக்கிச் சொன்னார். காலையில் டீ, இரண்டு ரஸ்க். ஒன்பது மணிக்கு இரண்டு இட்லி. மதியம் சாதம், சாம்பார், கொஞ்சம் பொரியல். சாயந்திரம் டீ. ராத்திரி ஒரு கை தயிர் சாதம்.

"புரதம் எங்க ஆயா?"

குறுக்கே வந்தார் மருமகள். "என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? தினமும் சாம்பார் வைக்கிறேன். சாம்பார்லதான் பருப்பு இருக்கே!"

வந்தவர் சிரிக்கவில்லை. "எவ்ளோ பருப்பு போடறீங்க? எத்தனை பேருக்கு?" என்று மட்டும் கேட்டார். போகும் முன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு சாப்பாட்டை மாற்றச் சொன்னார். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆயாவின் ரத்தப் பரிசோதனை முடிவில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால், அந்த ஒரு கேள்வி மருமகளைத் தூங்க விடவில்லை.

பேத்தியின் நோட்டில் ஏறிய கணக்கு

தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ், எத்தனை கழிவு என்று நோட்டில் எழுதுகிற பெண் அவர். வீட்டுக்கு மட்டும் ஏன் கணக்கு இல்லை? பேத்தியின் பழைய நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டார். பேரன் செல்போனில் தேடிச் சொல்ல, பேத்தி எழுதினாள்.

முதலில் தேவை. இந்தியர்களுக்கு ஐ.சி.எம்.ஆர். சொல்லும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 0.83 கிராம் புரதம். 50 கிலோ ஆயாவுக்கு 42 கிராம் வாக்கில். வயதானவர்களுக்கு அதுவும் போதாது, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013-ல் ஒரு சர்வதேச வல்லுநர் குழு பரிந்துரைத்தது. காரணம் எளிது. வயது ஏற ஏறத் தசை தானாகவே கரைகிறது. கிடைக்கிற புரதத்தை வைத்துத் தசை கட்டும் வேகமும் குறைகிறது. இதற்கு 'சார்கோபீனியா' என்று மருத்துவ உலகம் பெயர் வைத்ததே 1980-களின் இறுதியில்தான். நம் ஊரில் அதற்கு இருக்கும் பெயர், "வயசாயிடுச்சி."

அடுத்து வரவு. இட்லி ஒன்றுக்கு 2 கிராம். அரிசி 100 கிராமுக்கு 8 கிராம். பாலோ தயிரோ 100 மில்லிக்கு 3 கிராம் சொச்சம்.

பிறகு அந்தச் சாம்பார். ஐந்து பேருக்கும் சேர்த்து மருமகள் போடுவது 100 கிராம் துவரம்பருப்பு. 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம். ஐந்தால் வகுத்தால் தலைக்கு நாலரை கிராம் கூட இல்லை. பேத்தி இரண்டு முறை வகுத்துப் பார்த்தாள். மாறவில்லை.

ஆயாவின் மொத்த நாளையும் கூட்டினால் 27 கிராம் வந்தது. அதிலும் பாதிக்கு மேல் சோற்றிலிருந்தும் இட்லியிலிருந்தும் வந்தது. தேவைப்படுவது 42, ஐம்பது கிடைத்தால் நல்லது. தினமும் பதினைந்து, இருபது கிராம் கடன். நான்கு வருடமாக. அந்தக் கடனை ஆயாவின் தொடையும் இடுப்பும் கட்டிக்கொண்டிருந்தன.

ரேஷன் கடைக் கணக்கையும் போட்டுப் பார்த்தார்கள். குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய்க்கு. வெளிச்சந்தை விலையோடு பார்த்தால் பெரிய உதவிதான். ஆனால், ஒரு கிலோவை ஐந்து பேருக்கு முப்பது நாளாகப் பிரித்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 7 கிராம் பருப்பு கூட வராது. மேலே இரண்டு கிலோ கடையில் வாங்கினாலும் 20 கிராம்தான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வளர்ந்த ஒருவரின் தட்டுக்குச் சொல்வது நாளைக்கு 85 கிராம் பருப்பு, பயறு வகைகள். அதைப் படித்ததும் பேரன், "அம்மா, அப்ப நாம சாப்பிடறது சாம்பார் இல்ல, ரசம்" என்றான். மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

குன்னூரில் எலிகள் சொன்ன சேதி

நம் சோற்றுத் தட்டின் மீதான இந்தக் குறை புதிதல்ல. நூறு வருடத்துக்கு முன்பே நீலகிரிக் குன்னூரில் அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுதான் பின்னாளில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனதும் அதுவே.

மெக்காரிசன் ஒரு வேலை செய்தார். ஒரே எடையுள்ள எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். கடைசியில் எடை போட்டபோது சீக்கியர்களின் சாப்பாட்டை உண்ட எலிகள் சராசரியாக 235 கிராம். பட்டியலில் கடைசியாக நின்றவை மதராஸ் மாகாணச் சாப்பாட்டை உண்டவை. 155 கிராம்.

இதைக் கேட்டதும் 'அவங்க கறி சாப்பிடறாங்க, அதான்' என்று தோன்றும். அந்தச் சீக்கியச் சாப்பாட்டில் என்ன இருந்தது? முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, முளைகட்டிய பயறு, காய்கறி. கறி வாரத்துக்கு ஒரே ஒரு முறை, அதுவும் கொஞ்சம். அதாவது அதுவும் நம் ஞாயிற்றுக்கிழமை வீடு மாதிரிதான். மற்ற ஆறு நாளில் தட்டில் இருந்ததுதான் வேறு. புரதம் மட்டுமல்ல, வைட்டமின்களும் தாதுக்களும் சேர்ந்தே அந்த எலிகளை வளர்த்தன. ஆனாலும் சேதி ஒன்றே. குறை சைவத்தில் இல்லை. தீட்டிய வெள்ளரிசியை மலையாகக் குவித்து, மற்றதையெல்லாம் தொட்டுக்கொள்ள மட்டும் வைப்பதில் இருக்கிறது.

அந்த மலை இன்னும் கரையவில்லை. சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் நாடு முழுக்க நடத்தி 2025-ல் வெளியிட்ட ஆய்விலும், இந்தியர்களின் சக்தியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவிகிதம்தான். செங்குன்றத்து அரிசி மண்டிகளுக்குப் பக்கத்திலேயே வாழும் சோழவரத்து வீட்டுக்கு இது ஆச்சரியமே இல்லை.

அரிசிக்குப் பருப்பு, பருப்புக்கு அரிசி

"பருப்புல இருக்கறது அரைகுறை புரோட்டீன்தான். முட்டை, சிக்கன்லதான் முழுசா இருக்கு" என்பது பேரனின் ஜிம் நண்பர்கள் சொன்னது. பாதி உண்மை.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலை. அவற்றில் ஒன்பது மணிகளை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது. உணவில்தான் வர வேண்டும். முட்டை, பால், இறைச்சியில் ஒன்பதும் தேவையான அளவில் இருக்கின்றன. அரிசியில் லைசின் என்ற மணி குறைவு. பருப்பில் லைசின் நிறைய, மெத்தியோனின் என்ற மணி குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்பும். இட்லியில் அரிசியோடு உளுந்து, பொங்கலில் அரிசியோடு பாசிப்பருப்பு என்று இதை எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே நம் பாட்டிகள் சேர்த்து வைத்துவிட்டார்கள்.

ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்பதுகூட இல்லை. 1971-ல் 'டயட் ஃபார் எ ஸ்மால் பிளானெட்' எழுதிய அமெரிக்கரான பிரான்சிஸ் மூர் லாப்பே, அப்படிக் கணக்குப் பார்த்துச் சேர்க்கச் சொல்லியிருந்தார். பத்து வருடம் கழித்து வந்த பதிப்பில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். பல வகை உணவும் போதுமான அளவில் நாள் முழுக்க உள்ளே போனால் சரி. தாவரப் புரதம் ஜீரணமாவது கொஞ்சம் குறைவு என்பதால், அளவைச் சற்றுத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

அளவுதான் இங்கே எல்லாமே. கேழ்வரகுக் கூழ் குடித்தால் பலம் என்று ஆயா நம்பியிருந்தார். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அபாரம். புரதமோ 100 கிராமுக்கு 7 கிராம்தான், அரிசியைவிடக் கூட அதிகமில்லை. முட்டைக்குப் பதில் வாழைப்பழம் என்று நினைப்பவர்கள் உண்டு. சத்துணவிலும் முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம்தான் தருகிறார்கள். பழம் நல்லதுதான். ஆனால், ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் என்றால் ஒரு வாழைப்பழத்தில் ஒரு கிராம்தான். முட்டையின் இடத்தில் உட்கார வேண்டியது ஒரு கிண்ணம் சுண்டல்.

முதல் வாரம் தோல்வி

கணக்குப் போட்ட வேகத்தில் மருமகள் மறுநாளே ஒரு பெரிய கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலை ஆயா முன் வைத்தார். ஆயாவின் கடைவாய்ப் பற்கள் போய்ப் பல வருடமாகிறது. பத்துக் கடலையை மென்றுவிட்டு மீதியைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டார். அன்று இரவு வயிறு கடமுடா. "பவுடரும் வேணாம், பயறும் வேணாம், என்னை விட்டுடுங்க" என்று படுத்துக்கொண்டார்.

பிறகுதான் மெதுவாக நகர்ந்தார்கள். கொண்டைக்கடலையை இரவெல்லாம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இஞ்சியும் பெருங்காயமும் போட்டுக் குழைய வேகவைத்து மசித்தார் மருமகள். முதல் வாரம் இரண்டு கரண்டி, அடுத்த வாரம் நான்கு. வயிறு பழகிக்கொண்டது.

பெரிய மாற்றம் காலை டிபனில் வந்தது. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் இந்தப் பகுதியில் பெசரட்டுக்குப் பஞ்சமில்லை. ஆயாவின் அம்மா வீட்டிலும் சுட்டிருக்கிறார்கள். முழுப் பச்சைப்பயறை ஊற வைத்து அரைத்து இரண்டு பெசரட்டு சுட்டால், 50 கிராம் பயறு உள்ளே போகும். 11 கிராம் புரதம். இரண்டு இட்லியில் கிடைத்தது 4. "இது நான் சின்ன வயசுல தின்னது" என்று ஆயா மூன்றாவதும் கேட்டார். வாரத்தில் இரண்டு நாள் அடை. அடைக்கு அரிசியும் பருப்பும் சரிபாதி.

சாம்பாருக்குப் பருப்பு இரண்டு பங்கானது. ஆயாவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றும் முன் கெட்டியாக ஒரு கிண்ணம் தனியே எடுத்து, கீரையோடு கடைந்து கூட்டாக. சோறு ஒரு கரண்டி குறைந்தது. மாலை டீக்கு ரஸ்க் போய், மசித்த சுண்டலோ பொடித்த வேர்க்கடலையோ வந்தது. தேங்காய்ச் சட்னியில் தேங்காய் குறைந்து பொட்டுக்கடலை ஏறியது. படுக்கும் முன் ஒரு டம்ளர் ஆவின் பால்.

பேத்தி மறுபடி கூட்டினாள். டீயில் 3, பெசரட்டு 11, சோறு 6, கூட்டு ஆறரை, தயிர் 3, சுண்டல் ஐந்தரை, இரவு இட்லி 4, பொட்டுக்கடலைச் சட்னி 3, பால் ஆறரை. மொத்தம் 48 கிராம் சொச்சம். ஒரு துண்டு மீன் இல்லை, ஒரு முட்டை இல்லை. முருகனுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது.

பேரனுக்கும் ஒரு வழி கிடைத்தது. காய்ந்த மீல் மேக்கரில் பாதி எடை புரதம்தான். 50 கிராம் மீல் மேக்கர், அவன் டப்பாவின் ஒரு ஸ்கூப்புக்குச் சமம். ஸ்கூப் விலை நூறு ரூபாய்; இது பதினைந்து ரூபாய்க்குள். டப்பாவைக் காலி செய்தவன் அடுத்த டப்பா வாங்கவில்லை. அந்தப் பணத்தில் மாதம் நான்கு கிலோ பயறும் கடலையும் வீட்டுக்கு வருகின்றன.

புரதம் மட்டும் தசை கட்டாது என்பதையும் அந்தச் சுகாதாரப் பணியாளர் சொல்லியிருந்தார். சிமென்ட் மட்டும் இருந்தால் சுவர் எழும்புமா? வேலை நடக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவது. காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை. முதல் நாள் ஆயாவால் இரண்டு முறைகூட முடியவில்லை. பேத்தி எதிரில் நின்று எண்ணுவாள். தப்பாட்டம் ஆடினால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

யாரும் கூட்டாத ஒரு டிபன் பாக்ஸ்

இரண்டாவது மாதம் ஒருநாள். ஆயாவின் கணக்கு, பேரனின் கணக்கு எல்லாம் முடிந்த நோட்டில் பேத்தி ஒரு புதுப் பக்கம் திருப்பினாள். "அம்மா, உன்னுது சொல்லு."

"எனக்கு எதுக்குடி?"

"சொல்லும்மா."

விடியற்காலை நாலே முக்காலுக்கு ஒரு டீ. கம்பெனி பஸ் ஆறு மணிக்கு. டிபன் சாப்பிட நேரமில்லை. மதியம் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சாதத்தில் கிடந்த பத்துப் பதினைந்து வேர்க்கடலை. மாலை டீ, இரண்டு பிஸ்கட். இரவு எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சச் சோறும் சாம்பாரும். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி மற்றவர்களுக்கு ஊற்றிய பிறகு, பாத்திரத்தில் மிஞ்சியிருக்கும் தெளிந்த சாம்பார்.

பேத்தி கூட்டினாள். 28. அம்மாவின் எடை 58 கிலோ, தேவை 48.

எட்டு மணி நேரம் மெஷின் முன் நின்று வேலை பார்க்கும் பெண்ணின் தட்டு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமியாரின் பழைய தட்டைவிட மேலானதாக இல்லை. மாலையானால் கால் கடுக்கும், தலை சுற்றும், முடி கொத்தாகக் கொட்டும். எல்லாவற்றுக்கும் ஷிப்ட்தான் காரணம் என்று இருந்துவிட்டார். எல்லாமே புரதத்தால் என்றும் சொல்ல முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. மறுவாரம் பார்த்த பரிசோதனையில் அவருக்கும் ஹீமோகுளோபின் குறைவாகத்தான் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

நோட்டில் இருந்த 28-ஐ ஆயாவும் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது; எண் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு மருமகள் எழுந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆயா அடுப்பு முன் நின்று பெசரட்டு சுட்டுக்கொண்டிருந்தார். இரண்டைச் சுருட்டி ஒரு தாளில் வைத்து, "பஸ்ல போகும்போது தின்னு" என்று கையில் திணித்தார். இன்னொரு சிறிய டப்பாவில் சுண்டல். "இது பத்து மணிக்கு. யாருக்கும் குடுக்காத. நீ தின்னு."

"நீங்க எதுக்கு அத்தை இந்நேரத்துல எழுந்தீங்க?"

"எழுந்திருக்க முடியுதே. அதான் எழுந்தேன்."

மறுபடியும் ஒரு செவ்வாய்க்கிழமை

நான்கு மாதம் ஆகிறது. ஆயாவின் எடை 52 கிலோ. ஓடவெல்லாம் இல்லை. படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. மழை நாளில் முட்டி வலிக்கிறது. நாற்காலியிலிருந்து பத்து முறை எழுகிறார். எட்டாவது முறைக்குப் பிறகு பேத்தியைத் திட்டிக்கொண்டே எழுகிறார்.

போன வாரம் சிறுவாபுரி போனார்கள். அதே பிராகாரம், அதே கூட்டம். உட்காரும் முன் ஆயா கொஞ்சம் தயங்கினார். பிறகு உட்கார்ந்தார். பிரசாதப் பொங்கலைச் சாப்பிட்டு முடித்து, ஒரு கையை முட்டியில் வைத்து, இன்னொரு கையைத் தரையில் ஊன்றி, எழுந்தார். தூக்கிவிட நீட்டிய மருமகளின் கை அந்தரத்திலேயே நின்றது.

அன்று இரவு வீட்டில் பரிமாறியது ஆயா. ஐந்து தட்டு வரிசையாக இருந்தது. மகன் முதலில் தட்டை நீட்டினார். "இருடா" என்று சொல்லிவிட்டு, கரண்டியைப் பாத்திரத்தின் அடிவரை விட்டுக் கலக்கி, கெட்டியாக வந்த பருப்பை மருமகள் தட்டில் முதலில் ஊற்றினார்.